கட்டைவிரல் அளவுகூட இல்லாத உளுவைதான் பவளப்பாறைக்கு சோறு போடுது

பவளப்பாறை பத்தி எந்த வீடியோ பார்த்தாலும் அதுல சுறா வரும், ஆமை வரும், கலர் கலரா கூட்டமா நீந்துற மீன் வரும், ஆனா அந்த கேமரா கொஞ்சம் கீழ இறங்கி மணல் பக்கம் ஒரு நிமிஷம் சும்மா நின்னுச்சுன்னா அங்க வேற ஒரு கூட்டம் குடியிருக்கறது தெரியும், அதை யாரும் காட்ட மாட்டேங்கறாங்க. பாறை இடுக்குல, மணல் மேல, பவளக் கிளைக்குள்ள, தரையோட தரையா ஒட்டிக்கிட்டு ரெண்டு மூணு சென்டிமீட்டர்ல ஒரு மீன் உக்காந்திருக்கும். நீந்தாது. தலை உச்சியில துருத்திக்கிட்டு இருக்கற ரெண்டு கண்ணையும் உருட்டி உருட்டி சுத்துமுத்தும் பார்த்துக்கிட்டே இருக்கும், மேல ஒரு நிழல் போனா போதும், சட்டுனு காணாம போயிடும். அதுதான் கோபி, நாம உளுவைனு சொல்ற மீனோட குடும்பம். இதை ஒதுக்கி வெச்சிட்டு பவளப்பாறை எப்படி பிழைக்குதுனு யாராலயும் சொல்ல முடியாதுங்கறது கடந்த இருபது வருஷத்துலதான் நல்லா தெளிவாச்சு.

இதுல ஒரு பழைய புதிர் இருக்கு. பவளப்பாறை இருக்கற வெப்பமண்டலக் கடல் தண்ணி ஏன் அவ்வளவு தெளிவா இருக்குன்னா அதுல ஒண்ணும் பெருசா இல்லைங்கறதாலதான். சத்து கம்மி, மிதக்கற பாசி கம்மி, அதைத் தின்னு வளர வேண்டிய நுண்ணுயிரும் கம்மி. குளிர்க்கடல் மாதிரி பச்சையா கொழகொழனு இருக்கற தண்ணி கிடையாது. அப்படி வறண்ட தண்ணிக்கு நடுவுல இருக்கற ஒரு பாறைத் திட்டுல மட்டும் ஆயிரக்கணக்குல மீன், அதைத் தின்ன இன்னும் பெரிய மீன், அதையும் தின்ன சுறான்னு எப்படி எல்லாருக்கும் சாப்பாடு கிடைக்குது? ஆராய்ச்சியாளருங்க இதை டார்வின் முரண்னே சொல்வாங்க. கடல்பஞ்சு ஒரு பதில், பவளத்துக்குள்ளயே குடியிருக்கற பாசி ஒரு பதில், வெளிக்கடல்ல இருந்து அடிச்சுட்டு வர்ற பிளாங்க்டன்ங்கற மிதக்கற பொடி உயிருங்க ஒரு பதில். இதெல்லாம் சரிதான், ஆனா கணக்கு முழுசா ஒத்து வரல. மிச்சத்துல ஒரு பெரிய பங்கை இந்த தரை மீனுங்க நிரப்புதுங்கறதுதான் விஷயம்.

முதல்ல உடம்பைப் பார்ப்போம். கோபி குடும்பத்தையும் அதோட நெருங்கின சொந்தத்தையும் சேர்த்தா கிட்டத்தட்ட 2,000 இனம் வரும், மீன் குடும்பங்கள்லயே ரொம்ப பெருசானதுல ஒண்ணு. பெரும்பாலானது பத்து சென்டிமீட்டரைத் தாண்டாது, நிறைய இனம் மூணு நாலு சென்டிமீட்டர்லயே நின்னுடும். வயித்துப் பக்கம் இருக்கற ரெண்டு துடுப்பும் மத்த மீன்ல தனித்தனியா இருக்கும், இதுல பெரும்பாலும் அது ரெண்டும் ஒட்டி ஒரே உறிஞ்சியா ஆகிடுச்சு, அலை அடிச்சாலும் கல்லைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்கார அதுதான் உதவுது. மிதக்க வைக்கற காத்துப்பை நிறைய இனத்துல சுருங்கிப் போச்சு, சிலதுல இல்லவே இல்ல, அதனால நீந்தறதை நிறுத்தினா தானா கீழ போய் உக்காந்துடும். தரையில வாழறதுக்கு இது குறையே இல்ல, பெரிய வசதி, ஏன்னா உக்காந்து இருக்கறதுக்குன்னு ஒரு துளி சக்தி செலவாகாது. மத்த மீனுக்கு உடம்பு நீளத்துக்கும் ஓடற அந்த உணர்வுக் கோடு இதுக்கு உடம்புல கிடையாது, அதுக்குப் பதிலா தலையிலயும் கன்னத்துலயும் குட்டிக் குட்டி உணர்வு மொட்டுங்க வரிசை வரிசையா இருக்கும், தண்ணியில ஏற்படற சின்ன அசைவைக்கூட அதுலதான் பிடிக்குது. ஒரு இனத்துக்கும் இன்னொரு இனத்துக்கும் அந்த வரிசையோட அமைப்பு மாறும், அதனால ஒரே மாதிரி இருக்கற ரெண்டு உளுவையைப் பிரிச்சு அடையாளம் சொல்ல லென்ஸுக்கு அடியில வெச்சு கன்னத்துப் புள்ளி வரிசையைத்தான் பார்ப்பாங்க.

இந்த வேலையை வாழ்நாள் முழுக்க பண்ணின ஒருத்தர் ஜப்பான் சக்கரவர்த்தியா இருந்த அகிஹிட்டோ. அரசர்ங்கறதுக்காக யாரோ எழுதிக் கொடுத்து பேர் போட்ட கதை இல்ல இது, 1960கள்லயே உளுவைங்களோட தோள் எலும்பை வெச்சு எப்படி வகை பிரிக்கலாம்னு கட்டுரை எழுதினவர். 2007ல வனுவாட்டு தீவுல கிடைச்ச ஒரு உளுவைப் பேரினத்துக்கு அவர் பேரையே வெச்சாங்க. 2019ல பதவியை விட்டு இறங்கின பிறகும் விடல, 2021ல ரெண்டு புது இனத்தை விவரிச்சு இன்னொருத்தரோட சேர்ந்து கட்டுரை போட்டார். விரல் நுனி அளவு மீனுக்காக ஒரு மனுஷன் அறுபது வருஷம் கொடுத்திருக்கார், அதுல எனக்கு ரொம்ப மரியாதை.

சரி, சோறு போடற விஷயத்துக்கு வருவோம். சின்னதா இருக்கறதோட முதல் விலை சாவு. தரையில இருக்கற ஒரு ரெண்டு சென்டிமீட்டர் மீனை யார் வேணா முழுங்கலாம், பெரிய மீன், நண்டு, கணவாய், ஏன் கூட இருக்கற இன்னொரு சின்ன மீன்கூட. ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறையில எவியோட்டா சிஜில்லாட்டானு ஒரு குட்டி உளுவை இருக்கு, முழுசா வளர்ந்தாலே ரெண்டு சென்டிமீட்டர்தான். மார்ஷியல் டெப்சின்ஸ்கி, டேவிட் பெல்வுட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2005ல இதோட ஆயுசைக் கணக்கெடுத்து வெளியிட்டாங்க. மீனோட காதுக்குள்ள இருக்கற சுண்ணாம்புக் கல்லுல தினமும் ஒரு வளையம் விழும், அதை எண்ணினா எத்தனை நாள் வாழ்ந்துச்சுனு தெரிஞ்சிடும். அதிகபட்சம் 59 நாள். பிறந்து லார்வாவா, அதாவது பொடிக் குஞ்சா, தண்ணியில மிதக்கறது மூணு வாரம், அப்புறம் பாறைக்கு வந்து தரை இறங்கி ஒண்ணு ரெண்டு வாரத்துல வயசுக்கு வந்துடும், அதுக்கப்புறம் மிச்சம் கிடைக்கறது மூணரை வாரம். அவ்வளவுதான் மொத்த வாழ்க்கை. முதுகெலும்பு உள்ள உயிர்கள்லயே இதுதான் ரொம்ப குறைஞ்ச ஆயுசுனு பதிவாச்சு, அதுக்கு முன்னாடி அந்தப் பேர் ஆப்பிரிக்காவுல மழைக்குட்டையில வாழற ஒரு கில்லி மீனுக்கு இருந்துச்சு.

இதுல எண்ணிக்கையைவிட சாவோட வேகத்தைத்தான் கவனிக்கணும். ஒவ்வொரு நாளும் இந்த மீனுங்கள்ல கிட்டத்தட்ட 100க்கு 8 செத்துடுது. கேக்க சின்ன நம்பர் மாதிரி இருக்கும், ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, எட்டு நாள்ல பாதி காலி, இருபத்தி நாலு நாள்ல எட்டுல ஒண்ணுதான் மிஞ்சும். அந்த இடைவெளிக்குள்ள வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டை போட்டு, அப்பா மீன் அந்த முட்டை பக்கத்துலயே இருந்து பொரியற வரைக்கும் காவல் காக்கணும். ஒரு பெண் மீன் வாழ்நாள் முழுக்க போடறது மூணு தடவை, மொத்தமா ஒரு 400 முட்டை. கடல்ல லட்சக்கணக்குல முட்டையைத் தண்ணியில கொட்டிட்டுப் போற மீனோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல, ஆனா ஒவ்வொண்ணுக்கும் அப்பா காவல் இருக்கறதாலயும் தலைமுறை அவ்வளவு சீக்கிரம் மாறறதாலயும் இனம் நிக்குது.

இந்த மீனுங்களை இவ்வளவு நாள் யாரும் கணக்குலயே எடுத்துக்கல, அதுக்கு நேரடியான காரணம் இருக்கு. பவளப்பாறையில மீன் கணக்கெடுக்கறவங்க ஸ்கூபா போட்டுக்கிட்டு ஒரு டேப்பை விரிச்சு ரெண்டு பக்கமும் நீந்தற மீனை எண்ணிக்கிட்டே போவாங்க, அதுல இடுக்குல இருக்கறது கண்ணுக்கே படாது. இதைப் பிடிக்கணும்னா வேற வழி, ஒரு சின்ன இடத்தை, ஒரு பாறைத் திட்டையோ ஒரு பவளக் கொத்தையோ, பொடிக்கண் வலையைப் போட்டு மூடிடுவாங்க, அது மேல ஒரு தார்ப்பாய், அதுக்குள்ள கிராம்பு எண்ணெயை ஆல்கஹால்ல கலந்து பீய்ச்சி விடுவாங்க. கிராம்பு எண்ணெய் மீனுக்கு மயக்க மருந்து. கொஞ்ச நேரம் கழிச்சு திறந்து பார்த்தா, ஒண்ணுமே இல்லைனு நினைச்ச இடத்துல இருந்து ஒண்ணொண்ணா மயங்கி உருண்டு வெளிய வரும், கல்லைப் புரட்டிப் புரட்டி இடுக்கியால பொறுக்கி எடுக்கணும். பொறுமையா பண்ண வேண்டிய வேலை. இப்படித் தேடினப்பதான், பவளப்பாறை மீன் இனங்கள்ல கிட்டத்தட்ட பாதி இந்த மாதிரி ஒளிஞ்சு வாழற தரை மீன்னு தெரிய வந்துச்சு. உளுவை மட்டும் இல்ல, பிளென்னி மாதிரி வேற பல குடும்பமும் இதுல சேரும், ஆனா உளுவைக்குத்தான் பெரிய பங்கு.

2019ல சைமன் பிராண்டலும் அவரோட குழுவும் சயன்ஸ் பத்திரிகையில போட்ட கட்டுரைதான் இதையெல்லாம் ஒண்ணா கோத்துச்சு. பவளப்பாறையில ஒரு மீன் இன்னொண்ணைத் தின்கற அந்த மொத்த மீன் சதையில கிட்டத்தட்ட 60 சதவீதம் இந்த ஒளிஞ்சு வாழற குட்டி மீனுங்க கிட்ட இருந்துதான் வருதுனு அவங்க கணக்கு சொல்லுது. எந்த நேரத்துல போய் எடை போட்டாலும் இதுங்களோட மொத்த எடை ரொம்ப கம்மியாத்தான் இருக்கும், அதனாலதான் இது யாருக்கும் உறைக்கல. கிணத்துல முழங்கால் தண்ணிதான் நிக்குதுனு பார்த்துட்டு அதை வத்தின கிணறுனு சொல்லிட முடியாது, இறைக்க இறைக்க ஊத்து எவ்வளவு வருதுனு பார்க்கணும். இதுங்க தின்னப்பட்டுக்கிட்டே இருக்கு, அதே வேகத்துல நிரம்பிக்கிட்டே இருக்கு.

அந்த நிரம்பல் எங்க இருந்து வருதுங்கறதுக்கும் அதே கட்டுரையில ஒரு பதில் இருக்கு. பெரும்பாலான பாறை மீனோட லார்வா வெளிக்கடலுக்கு அடிச்சுட்டுப் போய், அதுல பெரும்பகுதி திரும்பி வராமயே போயிடும். ஆனா பாறைக்குப் பக்கத்துல தண்ணியில மிதக்கற லார்வாவை எண்ணினா அதுல மூணுல ரெண்டு பங்கு இந்த குட்டி மீனுங்களோடதா இருக்கு. அதாவது குஞ்சுங்க ரொம்ப தூரம் போகாம வீட்டுப் பக்கமே சுத்துது, தினம் தினம் புதுசா தரை இறங்குது, இறங்கினது தின்னப்படுது, அடுத்தது இறங்குது. தினம் 100க்கு 8 செத்துப் போற ஒரு மீன் எப்படி இன்னும் இருக்குங்கற கேள்விக்கும் இதுவேதான் பதில்.

சாவு இவ்வளவு பக்கத்துல இருக்கும்போது ஒளிய ஒரு இடம் இருக்கறதுதான் எல்லாமே. உளுவைங்களோட குணத்துல விசித்திரமா தெரியற எல்லாமே இந்த ஒரு தேவையில இருந்துதான் முளைச்சிருக்குங்கறது என் எண்ணம், அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இறாலோட கூட்டுக் குடித்தனம்.

மணல் தரையில வளை தோண்டி வாழற பிஸ்டல் இறால்னு ஒரு வகை இருக்கு. நல்லா தோண்டும், ஆனா கண்ணு சரியா தெரியாது. உளுவைக்கு கண்ணு நல்லா தெரியும், ஆனா தோண்டத் தெரியாது. ரெண்டும் ஒரே வளையில வாழும். இதுவரைக்கும் நூத்துக்கு மேல உளுவை இனங்கள் இப்படி இறாலோட வாழறது தெரிஞ்சிருக்கு. செங்கடல்ல இந்த உறவை 1958ல லூதர்ங்கறவர் எழுதி வெச்சார், அதுக்கப்புறம் 1970கள்ல இருந்து இலான் கார்ப்ளஸ் அதே செங்கடல்ல வருஷக்கணக்குல உக்காந்து ஒவ்வொரு அசைவையும் பதிவு பண்ணினார்.

நடக்கறது என்னன்னா, காலையில முதல்ல மீன் தலையை வெளிய நீட்டும். சுத்திப் பார்த்து, ஆபத்து இல்லைனு தெரிஞ்சா வாசல்ல வந்து உக்காரும், முகம் வெளிப்பக்கம், வால் வளைப்பக்கம். அதுக்கப்புறம்தான் இறால் வரும், ரெண்டு கொடுக்கையும் சேர்த்து வெச்சு அது மேல ஒரு குவியல் மணலைத் தள்ளிக்கிட்டே வெளிய வந்து கொட்டிட்டு திரும்பும், மறுபடி வரும், மறுபடி கொட்டும், பகல் பூரா இதே வேலை, ஏன்னா மணல் வளை சரிஞ்சுக்கிட்டே இருக்கும். வெளிய இருக்கற நேரம் பூரா இறாலோட நீளமான உணர்கொம்புல ஒண்ணு மீன் மேல தொட்டுக்கிட்டே இருக்கும். எடுக்கவே எடுக்காது. ஏதாவது சந்தேகமா ஒரு மீன் பக்கத்துல வந்தா உளுவை வாலை மட்டும் லேசா படபடனு ஆட்டும், அந்த அதிர்வு கொம்பு வழியா தெரிஞ்ச உடனே இறால் பின்வாங்கிடும். ஆபத்து ரொம்ப கிட்ட வந்துட்டா வால் ஆட்டிக்கிட்டு நிக்க நேரம் கிடையாது, மீன் தலைகீழா வளைக்குள்ள பாயும், இறாலுக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. மீன் வாசல்ல இல்லைன்னா இறால் பொதுவா வெளிய வராது, மீனைப் பிடிச்சு எடுத்துட்டா வெளிய வந்து தோண்டற வேலையே குறைஞ்சு வளை சுருங்கிப் போகுதுனு சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க. சாயங்காலம் ரெண்டும் உள்ள போயிடும், வாசல் மணல் மூடிக்கும், காலையில மறுபடி மீன் முட்டித் திறக்கும்.

ரெண்டும் முதல்ல எப்படி ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிக்குதுங்கறதுக்கும் கார்ப்ளஸோட சோதனையில பதில் கிடைச்சுது, மீன் இறாலைக் கண்ணால பார்த்து வருது, இறால் மீனோட வாசனையை தண்ணியில பிடிச்சு வருது, அவங்கவங்க கிட்ட எது நல்லா வேலை செய்யுதோ அதை வெச்சு. இன்னொண்ணு 2017ல ஜப்பான்ல இருந்து வந்த ஆய்வுல தெரிஞ்சுது, மீன் வளைக்குள்ள போடற கழிவை இறால் சாப்பிடுது. வெளிய வந்து மேய பயந்துக்கிட்டு கிடக்கற ஒரு இறாலுக்கு அது வீட்டுக்குள்ளயே கிடைக்கற சாப்பாடு. காவலுக்கு பதிலா வீடுங்கற கொடுக்கல் வாங்கல்னு மட்டும் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அது அதைவிட நெருக்கமானதுனு இதுல தெரியுது.

இன்னொரு கூட்டம் பவளக் கிளைக்குள்ளயே குடியிருக்கும், மணலுக்கே வராது. ஒரு கைப்பிடி அளவு பவளக் கொத்து, அதுக்குள்ள ஒரு குடும்பம், அதைவிட்டு வெளிய போறது கிட்டத்தட்ட தற்கொலை. அதனால கொத்துக்குள்ள இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கறதுக்கு இதுங்க போற தூரம் நம்ப முடியாதது. மஞ்சள் நிறத்துல பாராகோபியோடான் ஸாந்தோசோமானு ஒண்ணு, ஒரு கொத்துல பல மீன் இருந்தாலும் முட்டை போடறது மேல இருக்கற ஒரே ஜோடி மட்டும்தான். மத்ததெல்லாம் அளவு வரிசையில நிக்கும், ஒவ்வொண்ணும் தனக்கு மேல இருக்கறதைவிடக் கொஞ்சம் சின்னதா. கீழ இருக்கற மீன் கொஞ்சம் வளர்ந்து மேல இருக்கறதோட அளவைத் தொட்டுச்சுன்னா அடிச்சுத் துரத்திடும், துரத்தினா சாவுதான். அதனால கீழ இருக்கற மீன் தானே சாப்பாட்டைக் குறைச்சுக்குது, சாப்பாடு தாராளமா இருக்கறப்பகூட. மரியன் வோங்கும் கூட இருந்தவங்களும் ஆஸ்திரேலியாவோட லிசார்ட் தீவுல பண்ணின சோதனையில இதைக் காட்டினாங்க. பட்டினி கிடந்தாவது வரிசையில நிக்கறது, மேல இருக்கறது செத்தா அடுத்தது நாம, அந்தக் கணக்குதான்.

பாலினம் மாறறதும் இதே காரணத்துலதான். ஒரு கொத்துல ரெண்டு பெண் மீன் மட்டும் சேர்ந்துட்டா ஒண்ணு ஆணா மாறிடும், ரெண்டு ஆண் சேர்ந்துட்டா ஒண்ணு பெண்ணா மாறிடும், பவளத்துல வாழற கோபியோடான்ங்கற உளுவை இனங்கள்ல ரெண்டு பக்கமும் மாற முடியும்னு பிலிப் மண்டேயும் கூட்டாளிங்களும் 1998ல காட்டினாங்க. ஜோடி தேடி அடுத்த கொத்துக்குப் போறது உயிருக்கு ஆபத்து, அதுக்கு பதிலா உடம்பையே மாத்திக்கறது மலிவு. ஜப்பான் கடல்ல இருக்கற ட்ரிம்மா ஒகினாவேங்கற குட்டி மீன் இன்னும் ஒரு படி மேல, விந்தகம் சினைப்பை ரெண்டையும் எப்பவும் கூடவே வெச்சிருக்கும், தேவைக்கு ஏத்த மாதிரி ஒண்ணு வேலை செய்யும் இன்னொண்ணு சும்மா கிடக்கும்.

வீட்டுக்கு ஆபத்து வந்தா சண்டைக்கும் போகும். பிஜியில டேனியல் டிக்ஸனும் மார்க் ஹேவும் 2012ல ஒரு சோதனை பண்ணினாங்க. க்ளோரோடெஸ்மிஸ்னு ஒரு பச்சைப் பாசி, பவளத்து மேல உரசினா அதோட விஷத்துல பவளம் செத்துப் போகும். அந்தப் பாசியை பவளத்துல வெச்சப்ப, பவளம் தண்ணியில ஏதோ ஒரு ரசாயனத்தை விடுது, சில நிமிஷத்துல உள்ள இருக்கற உளுவை அந்த இடத்துக்கு வந்து பாசியைக் கடிச்சு வெட்டுது. பாசியோட ரசாயனத்தை மட்டும் தனியா எடுத்து பவளம் இல்லாத இடத்துல வெச்சா மீன் கண்டுக்கல, அடிபட்ட பவளத்தைச் சுத்தின தண்ணியை எடுத்து விட்டா வருது. அப்ப பவளம் கூப்பிடுது, மீன் வருதுனுதான் அர்த்தம். மீன் இருந்த பவளத்துல சேதம் 70, 80 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுது. அதுல ஒரு இனம் வெட்டறதோட நிக்காம பாசியைத் தின்னுடுது, ஏற்கனவே அதோட தோல் விஷம்தான், தின்ன பிறகு இன்னும் விஷமாகிடுது. வேலை செஞ்ச மாதிரியும் ஆச்சு, கவசமும் கிடைச்சுது.

கரையோரப் பாறைக் குட்டையில வாழற உளுவைக்கு பிரச்சனை வேற. ஏத்தத்துல கடல் வந்து மூடும், வத்தத்துல தண்ணி இறங்கினதும் அங்கங்க குட்டை குட்டையா மாட்டிக்கும். பேத்திகோபியஸ் சோப்போரேட்டர்ங்கற மீன், பறவையோ கணவாயோ துரத்தினா ஒரு குட்டையில இருந்து தாவி அடுத்த குட்டையில கரெக்டா விழும். தாவற இடத்துல இருந்து அடுத்த குட்டை அதோட கண்ணுக்கே தெரியாது, தப்பினா வெயில்ல கொதிக்கற பாறை மேல விழுந்து சாக வேண்டியதுதான். லெஸ்டர் ஆரன்சன் 1951லயும் அப்புறம் 1971லயும் இதைப் பத்தி எழுதினார், செயற்கையா குட்டை கட்டி சோதிச்சுப் பார்த்தார். ஏத்தத்துல தண்ணி மூடியிருக்கறப்ப மீன் அந்தப் பாறை மேல நீந்தி, எங்க பள்ளம் எங்க மேடுனு மனசுல பதிச்சுக்குது, வத்தத்துல அந்த நினைவை வெச்சு தாவுது. ஏத்தத்துல நீந்திப் பார்க்க விடாத மீன் பெரும்பாலும் தப்பா தாவுச்சு, ஒரே ஒரு ராத்திரி நீந்த விட்டா போதும், அதுக்கப்புறம் கிட்டத்தட்ட எல்லாமே சரியா தாவுச்சு, 40 நாள் வரைக்கும் அந்த நினைவு நின்னுச்சு. பிற்பாடு ஆஸ்திரேலியாவுல பாறைக்குட்டை உளுவையோட மூளையையும் மணல்ல வாழற உளுவையோட மூளையையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, இடத்தை நினைவு வெச்சுக்கறதுல சம்பந்தப்பட்ட முன்மூளை பாறை மீனுக்குப் பெருசா இருந்துச்சு, மணல் மீனுக்கு பார்வைப் பகுதி பெருசா இருந்துச்சு. மீனுக்கு மூணு செகண்ட் ஞாபகம்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கறவங்க இந்த ஒரு மீனைப் பத்திப் படிச்சா போதும்.

சோறு போடற கதை பவளத்தோட முடியல. நமீபியா கடல்ல மத்தி மீனை வகைதொகை இல்லாம பிடிச்சதுல 1960கள் கடைசியில இருந்து அது சரிஞ்சு விழுந்துச்சு, அதுக்கப்புறம் ஜெல்லி மீன் பெருகிடுச்சு. மத்தியை நம்பி இருந்த பெங்குவின், கடல்நாய், பெரிய மீன் எல்லாத்துக்கும் சாப்பாடு போச்சு. அங்க அடியில இருக்கற சேறு ரொம்ப மோசம், ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இல்ல, அழுகின முட்டை வாசனை அடிக்கற ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், சாதாரண மீனுக்கு அது சாவு. அந்தச் சேத்துலதான் தாடி உளுவைனு ஒண்ணு பகல் பூரா படுத்திருக்கு, எதிரி எதுவும் அங்க இறங்க முடியாதுங்கறதால. 2010ல வெளியான ஆய்வுப்படி, ராத்திரி அது மேல வந்து ஆக்ஸிஜன் எடுத்து, சாப்பிட்டதை ஜீரணிச்சு, ஜெல்லி மீன் கூட்டத்துக்குள்ளயே ஒளிஞ்சுக்குது, மத்த மீன் ஒதுங்கிப் போற அந்த கொடுக்குக்கு இது பயப்படல. ஜெல்லி மீனையே தின்னவும் செய்யுது. யாருக்கும் உதவாத சேறும் ஜெல்லியும் இந்த மீனோட உடம்பு வழியா மறுபடி சதையா மாறி ஹேக் மீனுக்கும் கடல்நாய்க்கும் பெங்குவினுக்கும் போகுது. மத்தி போன இடத்துல அந்தக் கடலை ஓரளவு தாங்கிப் பிடிச்சது இதுதான்.

இவ்வளவு வேகமா பெருகற மீனுக்கு என்ன ஆகிடப் போகுதுனு நினைக்கத் தோணும். பாரசீக வளைகுடாவுல பிராண்டல் குழு பண்ணின வேலை, 2020ல வெளியானது, அந்த நினைப்பை அசைச்சுப் பார்த்துச்சு. அங்க கோடையில கடல் தண்ணி 36 டிகிரியைத் தொடும், பவளம் தாங்கற உச்சம் அது, உலகத்துல மத்த கடல் நாளைக்கு எப்படி இருக்கும்னு பார்க்க அங்கதான் போவாங்க. பக்கத்துலயே இருக்கற ஓமன் வளைகுடாவோட ஒப்பிட்டா, பவளம் ரெண்டு இடத்துலயும் இருக்கு, ஆனா பாரசீக வளைகுடாவுல தரை மீன் இனம் பாதியாத்தான் இருந்துச்சு, எண்ணிக்கை கால்வாசிகூட இல்ல. சூடு தாங்காம செத்துப் போச்சுனு முடிச்சிட முடியாது, ஓமன் பக்கத்து மீனை எடுத்து சோதிச்சப்ப பாரசீக வளைகுடாவுல இல்லாத இனங்கள்கூட அந்தச் சூட்டைத் தாங்கற அளவுக்கு இருந்துச்சு. இடிக்கறது சாப்பாடு. சூடு கூடினா உடம்பு எரிக்கற சக்தியும் கூடும், ஒரு கிராம்கூட எடை இல்லாத மீனுக்கு சேமிச்சு வெக்க கொழுப்பு கிடையாது, அன்னன்னிக்கு தின்னாத்தான் உண்டு, கிடைக்கற இரையும் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருந்துச்சு. ஆக பவளம் சூட்டுல தப்பிச்சு நின்னாக்கூட, அடியில இந்த உளுவைங்க வரவு செலவு கட்டாம குறைஞ்சு போச்சுன்னா, மேல இருக்கற பெரிய மீனுக்குப் போற சதையும் அதே அளவுக்குக் குறையும். பவளம் எவ்வளவு சதவீதம் உயிரோட இருக்குன்னு மட்டும் அளந்து அறிக்கை போடற இடத்துல எல்லாம் ஒரு பொடிக்கண் வலையும் கொஞ்சம் கிராம்பு எண்ணெயும் கூட எடுத்துட்டுப் போகணும்னு நான் சொல்றது அதனாலதான்.